வயல் கீறும் புதிரும் கை கீறும் புதிரும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தே படுவான்கரை என்று வழங்கப்பெறும் வயல்நாட்டில், மாரிப்போக வேளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் வீடு வந்து சேர்ந்தபின், வரம்புகளுக்கிடையே எஞ்சிய சேறு சிறிது சிறிதாகத் தன் ஈரத்தை ஆகாயத்துக்குக் கொடுத்து இறுகி, ஈற்றில் வெடிக்கத் தொடங்குகிறது. அவ்வெடிப்புக்களைச் சற்று நின்று கவனிப்போர்க்கு அவற்றில் ஓர் ஒழுங்கு உண்டென்பது புலனாகும். முதலில் நீண்ட கோடுகள் சில தோன்றும். பின்னர் அவற்றுக்கிடையே குறுங்கோடுகள் பிறந்து, முன்னவற்றைப் பெரும்பாலும் செங்கோணத்திலே சென்று முட்டும். முடிவில் வயல் முழுவதும் தகடு தகடாகப் பிரிந்து கிடக்கும். அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு தகடுகளைக் கவனமாகப் பெயர்த்தெடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தக் காணலாம். வேறெந்தத் தகடும் அவ்விடத்துக்கு ஒவ்வாது. ஜிக்சோ என்று கடைகளில் விற்கும் படத்துண்டுப் புதிரின் இலக்கணம் இதுவேயாகும்.

காற்றில் காயும் களியைத் தகடாக்கி, துண்டுகளாக வெட்டி, கையால் வர்ணந்தீட்டி, அத்தகைய புதிரொன்றை வீட்டிலே செய்ய முற்படுபவர், அறிந்தோ அறியாமலோ, வயல் செய்யும் காரியத்தையே தாமும் செய்ய முற்படுகிறார். வயலில் நிகழ்ந்தது தம் பலகையில் நிகழ்ந்துவிடலாகாதே என்று அதே சமயத்தில் அஞ்சவும் செய்கிறார். இந்த விநோத நிலைமையே இவ்வத்தியாயத்தின் பொருள். களிமண் காய்ந்தால் சுருங்கியே தீரும். சுருங்கினால் இடைவெளி எங்கேனும் தோன்றியே தீரும். அவ்விடைவெளி எங்கே தோன்ற வேண்டும் என்பதை முன்கூட்டி நிர்ணயிப்பதொன்றே மனிதன் கையில் உள்ளது. மண்வேலைக்காரரின் யுக்திகள் யாவும் இந்த ஒரு நிர்ணயத்துக்காக ஏற்பட்டவை என்பதை இனிக் காண்போம்.

மரத்திலிருந்து மண்ணுக்கு

படத்துண்டுப் புதிர் பள்ளிப் பாடத்தின் துணைக்கருவியாகப் பிறந்தது. லண்டன் மாநகரில் செப்புத்தகட்டிற் படங்களைச் செதுக்குவதும் பூமிசாஸ்திரப் படங்களை வெளியிடுவதும் தொழிலாகக் கொண்டிருந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், 1762ஆம் ஆண்டளவில், தேசப்படங்களை மஹோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகளின் வழியே நுண்ணிய வாளால் அறுத்து, சிறுவர்க்குப் பூமிசாஸ்திரம் பயிற்றும் உபகரணமாக விற்றார். அத்துண்டுகளிற் பெரும்பாலானவை ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பவையல்ல. குமிழும் குழியுமாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு வெகுகாலத்துக்குப் பின்னரே வழக்கத்துக்கு வந்தது.

மரத்தை அறுப்பவனுக்கு வாளின் பல் தின்ற தூள் ஒன்றே நட்டம். பலகை முன்னரே உலர்ந்துவிட்டமையால், அறுத்தபின் துண்டுகள் தம் அளவில் நிலைத்து நிற்கும். களியை வெட்டுபவன் நிலை வேறு. மெல்லிய கத்தி களியில் ஒரு தூளையும் வீணாக்குவதில்லை. ஆயினும் வெட்டிய துண்டு நாளை அதே அளவில் இராது. எனவே அவன் இன்று காணும் வடிவத்தையன்றி, இன்னும் சில தினங்களில் உண்டாகப்போகும் வடிவத்தை மனத்திற் கொண்டு வெட்ட வேண்டியவனாகிறான். அந்த வருங்கால வடிவத்தைக் கணித்தறிவதற்கு, களிமண் என்னும் பதார்த்தத்தின் சுபாவத்தை அறிதல் அவசியம்.

இரு கரைகளின் மண்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் அடித்தளமாக அமைந்திருப்பவை, விஜயன் தொகுதி என்று புவியியலார் வகுத்த, ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமையுடைய நைசுப் பாறைகள். அப்பாறைகளில் பெல்சுப்பார் என்னும் கனிப்பொருளும் குவாட்சு என்னும் படிகமும் கலந்து கிடக்கின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு ஒரு மெல்லிய அமிலமாகிப் பாறையிடுக்குகளிற் புகுந்து, யுகயுகமாகப் பெல்சுப்பாரை அரித்து, அதிலுள்ள பொட்டாசியம், சோடியம் முதலிய உலோகங்களைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சிய அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் நீரோடு கூடி, மிகச் சிறிய மென்தகடுகளாகப் புத்துருக் கொள்கின்றன. அவையே களி. குவாட்சோ இவ்வமிலத்துக்கு எளிதில் மசியாது. உடைந்து உருண்டு மணலாகிறது. வெள்ளம் இரண்டையும் ஒருங்கே சுமந்து கீழே வந்தாலும், இறக்கிவைக்கும் இடங்கள் வேறு: களி வயல்நிலத்தில் அமைதியான நீரிற் படிந்தது; மணல் கடலலையாற் சலிக்கப்பெற்று, வாவிக்கும் கடலுக்கும் இடையே எழுவான்கரை என்னும் நெடிய திடராகக் குவிந்தது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

களித்தகடுகள் ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றிலொரு பங்கினும் சிறியவை. ஒவ்வொன்றையும் சூழ்ந்து மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருப்பதனால், அவை ஒன்றன்மீதொன்று வழுக்கிச் செல்லும். கை விட்ட இடத்திலே நிற்கவும் செய்யும். பிசைந்தவாறெல்லாம் வடிவங்கொள்ளும் களியின் குணத்துக்கு இப்படலமே காரணம். அது நீங்கும்போது தகடுகள் நெருங்குவதே சுருக்கத்துக்கும் காரணம். ஆகவே, களிக்கு அழகு தரும் நீரே அதற்குத் துன்பமும் தருகிறதென்றாலும் தகும். மணற்றுகள் சுருங்குவதில்லை. ஆதலின் படுவான்கரைக் களியில் எழுவான்கரை நுண்மணலை அளவோடு சேர்த்துப் பிசைந்தால், மொத்தச் சுருக்கம் குறைகிறது. அளவு மீறினால், மணல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்க, அவற்றைப் பிணைக்கும் களி போதாமல், உலர்ந்த துண்டின் ஓரம் விரல் பட்டாலே உதிரும்.

உப்பைப் பற்றி இங்கே ஒரு விசேஷ எச்சரிக்கை வேண்டும். வாவிக்கரைச் சேறு பார்வைக்கு எவ்வளவு மிருதுவாயிருந்தாலும் புதிருக்கு உதவாது. அதில் ஊறியுள்ள உப்பு, களி உலரும்போது நீரோடு மேற்பரப்புக்கு ஏறி, நீர் ஆவியாய்ப் போனபின் வெண்பொடியாகப் பூத்துக்கொள்ளும். மேலே தீட்டிய வர்ணத்தை அடியிலிருந்து நெம்பித் தள்ளும். மாரிகாலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துண்டுகளைப் பிசுபிசுக்கச் செய்யும். ஐயமுள்ள களியில் ஓர் உருண்டையை உருட்டி உலர்த்திப் பார்த்தால் அதன் முகத்திலேயே செய்தி தெரிந்துவிடும். கடற்கரை மணலையும் நன்னீரிற் பலமுறை கழுவியே சேர்க்க வேண்டும்.

உப்புக் களியையும் கழுவித் திருத்தலாம். நன்னீரிற் கரைத்துத் தெளியவிட்டு நீரை வடித்து, மீண்டும் கரைத்துத் தெளியவிடும்போது ஒரு விந்தையைக் காணலாம்: முதற்கரைசல் விரைவிலே தெளியும், கழுவக் கழுவத் தெளிவதற்கு அதிக நேரம் பிடிக்கும். காரணம் இது. களித்தகடுகள் நன்னீரில் ஒரேவகை மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உப்புநீரில் அவ்விலக்கம் மங்கிவிட, அவை கூட்டங்கூட்டமாகத் திரண்டு கனத்தினால் அடியில் விழுகின்றன. மழைக்காலத்தில் ஆற்றுநீர் கொணரும் கலங்கல், வாவியின் உவர்நீரைச் சந்தித்த இடத்திலே படிந்து சேறாவதற்கும் இதுவே ஒரு காரணம்.

நீர் வெளியேறும் விதம்

ஈரக்களி உலர்வது இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டத்தில் தகடுகளுக்கிடையிலுள்ள நீர் வெளியேற, வெளியேறிய நீரின் கனவளவுக்கு ஏறத்தாழச் சமமாகக் களியும் சுருங்குகிறது. இக்கட்டம் முழுவதும் அதன் மேற்பரப்பு ஈரநிறமாகவே தோன்றும். தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, இனி நெருங்க இயலாத நிலையை அடைந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அப்போது வெளியேறும் நீரின் ஸ்தானத்தைக் காற்று நிரப்பும், நிறம் வெளுக்கும், சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே களிக்கு அபாயம் நிறம் வெளுக்குமுன்னரே உள்ளது. வெளுத்தபின் அதனைச் சற்றே தாராளமாகக் காற்றில் விடலாம்.

முதற்கட்டத்தில் தகடுகளை ஒன்றோடொன்று இழுத்து நெருக்கும் விசை யாது? நுண்டுளைகளின் வாயில் நீர் உட்குழிந்து நிற்க, அதன் மேற்பரப்பிழுவிசை உள்நோக்கி இழுக்கிறது. துளை சிறுக்கச் சிறுக்க அவ்விழுப்பு மிகும். துளையின் ஆரை ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்திலொரு பங்காயின், கணக்கிட்டுப் பார்த்தால் அவ்விழுப்பு வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 14 மடங்காகிறது. பிசைந்த களியின் பொறுமைக்கு இது பெரும் சோதனை. களி எங்கும் ஒரேயளவாக உலருமாயின் இவ்விசை அதனை அமைதியாகச் சிறுக்கச் செய்யும். மேலே உலர்ந்து கீழே ஈரமாக இருக்குமாயின், மேற்புறம் சுருங்க விரும்ப, கீழ்ப்புறம் இடங்கொடாது நிற்க, மேற்புறத்திலே இழுவை மிகுந்து வெடிப்பு உண்டாகும்.

வெடிப்பின் கேத்திரகணிதம்

வயலிலே வெடிப்புக்கள் செங்கோணத்தில் முட்டுவதேன் என்பதற்கும் இவ்விழுவையே விடை தருகிறது. ஒரு வெடிப்புத் தோன்றியதும், அதற்குக் குறுக்கான இழுவை அவ்விடத்திலே தளர்ந்துவிடுகிறது. அதற்குச் சமாந்தரமான இழுவை மட்டும் எஞ்சுகிறது. பின்னே வரும் வெடிப்பு, எஞ்சிய இழுவைக்குக் குறுக்காகவே செல்லும் இயல்புடையதாகையால், முன்னதை நேர்க்குத்தாகச் சென்று முட்டுகிறது. ஆகவே இரு வெடிப்புக்கள் சந்திக்கும் இடத்தைப் பார்த்து, எது மூத்தது, எது இளையது என்று சொல்லிவிடலாம்: தடைப்படாமல் செல்வது மூத்தது, முட்டி நிற்பது இளையது. அதே சேறு பலமுறை நனைந்து உலர்ந்து வெடிக்குமானால், சந்திகள் படிப்படியாக மாறி, மூன்று கோடுகள் ஏறத்தாழ 120 பாகைக் கோணத்திற் கூடும் அறுகோண அமைப்பை நோக்கிச் செல்கின்றன. தகடுகளின் அகலமும் மனம்போனபடி அமைவதன்று: சேற்றுப்படை தடிப்பாயின் வெடிப்புக்கள் தூரத்தூர விழும், மெலிதாயின் நெருங்கி விழும்.

களிபோன்ற குழைபொருள்கள் முன்னே தம்மீது நிகழ்ந்ததை மறப்பதுமில்லை. ஜப்பானிய விஞ்ஞானியாகிய அகியோ நகஹாராவும் அவரது சகா ஒருவரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்சியம் காபனேற்றுத் தூளை நீரிற் குழைத்து, பாத்திரத்தோடு சிறிது நேரம் ஒரு திசையில் ஆட்டிவிட்டு, பின்னர் அசையாமல் உலரவிட்டபோது, வெடிப்புக்கள் ஆட்டிய திசைக்குக் குறுக்கே வரிசைவரிசையாகத் தோன்றின. ஆட்டம் நின்று நெடுநேரமாகியும் அதன் சுவடு குழைவினுள் இருந்தது. களியை உருட்டுக்கட்டையால் ஒரே திசையிலே தேய்த்துத் தகடாக்குபவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு: நுண்டகடுகள் அத்திசையில் வரிசைப்பட்டு, நீளத்தில் ஓர் அளவாகவும் அகலத்தில் மற்றோர் அளவாகவும் களி சுருங்கும், அதனால் புதிரின் முழுவடிவமும் கோணும். நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மாறிமாறித் தேய்த்து, இடையிடையே தகட்டைப் புரட்டிப்போடுவதே இதற்குப் பரிகாரம்.

வைக்கோலும் கூழும்

வெடிப்பு ஒன்று பிறப்பதைத் தடுப்பது அரிது. பிறந்தது நீளாமல் மறிப்பது எளிது. நார்கள் இரு கரையையும் பற்றிப் பாலம்போல நின்றால், வெடிப்பு வாய்விரிய இயலாமல் அங்கேயே நின்றுவிடும். மண்சுவர் வைப்போர் களியில் வைக்கோலைச் சேர்த்து மிதித்ததும், தரை மெழுகுவோர் சாணத்தைக் கலந்ததும் இத்தத்துவம் பற்றியே. சாணத்திலுள்ள பயன் பெரும்பாலும் பசு சமிக்காமல் விட்ட புல்நாரே.

இப்பிரதேசத்து வைக்கோல் ஒருகாலத்தில் வேறொரு பெருந்தொழிலுக்கும் மூலப்பொருளாயிற்று. 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை, நெல்வைக்கோலை அவித்து நாரைப் பிரித்தெடுத்தே கடதாசி செய்தது. கடதாசி என்பது நாரின் படையே. பழைய பத்திரிகைத் தாளை நீரில் ஊறவைத்து இடித்துக் கூழாக்கினால், அந்நார் மீண்டும் நம் கைக்கு வந்துவிடுகிறது. இந்தக் கூழைக் கனவளவில் நாலிலொரு பங்குக்கு மேற்படாமல் களியோடு பிசைந்து, கோதுமை மாப்பசையையோ தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையோ சிறிது சேர்த்தால், சூளைக்குப் போகாமலே உறுதிபெறும் களி கிடைக்கிறது. கடைகளில் பொதிசெய்து விற்கும் காற்றில் காயும் களிகளும் இதே தத்துவத்தைத் தழுவியவை: நிரப்பும் நுண்டூள் ஒன்று, மறிக்கும் நார் ஒன்று, பிணைக்கும் பசை ஒன்று. மாப்பசை சேர்ந்த களியிற் பூஞ்சணம் பிடிக்கும் ஆதலால் கராம்புத் தைலம் சில துளிகள் விடுவது நன்று.

அளவும் வெட்டும்

இனிக் கணக்குக்கு வருவோம். பிசைந்த களியில் ஒரு சிறு சட்டம் செய்து, அதன்மேல் சரியாக 10 சென்றிமீற்றர் நீளமுள்ள கோடு கீறி, நன்கு உலர்ந்தபின் அளந்தால், சுருக்கம் இவ்வளவென்று தெரிந்துவிடும். கோடு 9.4 சென்றிமீற்றராயின் சுருக்கம் நூற்றுக்கு 6. அத்தகைய களியில் 12 சென்றிமீற்றர் நீளத் தகடொன்றை நான்கு சம துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டும் 3 சென்றிமீற்றரிலிருந்து 2.82 ஆகும். துண்டுகள் கிடந்த இடத்திலேயே சுருங்குமாயின், அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே 1.8 மில்லிமீற்றர் இடைவெளி தோன்றும். அவற்றை நெருக்கி வைத்தால் இடைவெளி மறைந்து, 11.28 சென்றிமீற்றர் நீளத்தில் முழுப்படம் மீண்டும் கூடிவிடும். எல்லாம் ஒரே விகிதத்திற் சிறுத்தமையால் குமிழும் குழியும் ஒத்தே சிறுத்திருக்கும். ஓர் உருவத்தைச் சிறுப்பித்தால் அதன் கோணங்கள் மாறுவதில்லை என்ற கேத்திரகணித உண்மை இங்கே பிரத்தியட்சமாகிறது.

வயலின் வெடிப்பும் இதுவேயன்றி வேறன்று. அடிமண்ணோடு ஒட்டிக்கொண்டமையால் நகரமுடியாத சேற்றுத்தகடுகள், தத்தம் இடத்திலேயே சுருங்கி இடைவெளி விட்டன. தகட்டின் அகலத்தைச் சுருக்கவிகிதத்தாற் பெருக்கினால் வெடிப்பின் அகலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். வயலிலே கோடு விழவேண்டிய இடத்தை இழுவை நிர்ணயித்தது. பலகையிலே அதனைக் கத்தி நிர்ணயிக்கிறது. களி வெட்டுண்ட இடத்தில் இழுவை தங்குவதற்கு வழியில்லை. ஆகவே தகட்டை முழுதாக உலரவிட்டுப் பின்னர் வெட்ட நினைப்பது பெரும் பிசகு. வெட்டியபின் உலரவிடுவதே முறை. கொங்கிறீற்றுப் பாதை போடும் பொறியியலாளர் குறித்த தூரத்துக்கு ஒருமுறை குறுக்கே கோடு வெட்டி வைப்பதும் இந்த யுக்தியே.

எந்தப் பதத்தில் வெட்டுவது? குழைவாக இருக்கையில் வெட்டினால் கத்தி களியை இழுத்துக்கொண்டு போய் ஓரத்தை நசுக்கும். இறுகியபின் வெட்டினால் ஓரம் பொடியும். விரலால் அழுத்தினாற் குழியாமலும் நகத்தாற் கீறினாற் கோடு விழும்படியாகவும் இருக்கும் இடைப்பதமே தக்கது. மெல்லிய அலகை நனைத்துக்கொண்டு, இழுக்காமல், நேரே கீழ்நோக்கி அழுத்தி வெட்டவேண்டும்.

குமிழின் வடிவத்தைப் பற்றிப் பொறியியல் நமக்குக் கூறுவதொன்றுண்டு. ஒரு பொருளில் கூரிய மூலையோ ஒடுங்கிய கீறலோ இருக்குமிடத்தில் விசை பன்மடங்காகத் திரள்கிறது என்பதை இங்கிலாந்து அறிஞர் இங்லிஸ் 1913ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். இழுபடும் தகட்டில் வட்டத்துளை இருந்தால் அதன் ஓரத்தில் விசை மூன்று மடங்காகும். துளை, இழுவைக்குக் குறுக்கே, அகலத்தைப்போற் பத்து மடங்கு நீண்ட நீள்வட்டமாயின் அதன் நுனியில் 21 மடங்காகும். கடதாசி அட்டை வளைந்து தப்பிக்கொள்ளும். உலர்ந்த களி வளையாது, முறியும். ஆதலால் களிப்புதிரின் குமிழ் பருத்தும், கழுத்துக் குறுகாமலும், மூலைகள் யாவும் உருண்டும் இருத்தல் வேண்டும். தடிப்பு ஆறு மில்லிமீற்றருக்குக் குறைதலும் ஆகாது.

படமாக இவ்வாவியையே தெரிந்துகொள்வோமாயின், ஸ்பில்ஸ்பரியின் முறை இங்கே பலிக்காதென்பது உடனே தெரியும். 56 கிலோமீற்றர் நீள வாவியை 28 சென்றிமீற்றரில் வரைந்தால், ஒரு சென்றிமீற்றர் இரண்டு கிலோமீற்றராகும். ஒரு கிலோமீற்றர் அகலமும் இல்லாத இடங்களில் வாவி அரைச் சென்றிமீற்றருக்கும் குறைவான கீற்றாக ஒடுங்கும். கரையோரமாக வெட்டி வாவியைத் தனித்துண்டாக்கினால் அது கையில் எடுத்த மாத்திரத்தே முறியும். மரம் எல்லையோடு வெட்ட இடந்தந்தது. களி எல்லைக்குக் குறுக்கே வெட்டச் சொல்கிறது. கல்லடியிலும், மண்முனையிலும், பட்டிருப்பிலும் பாலங்கள் வாவியைக் கடக்கும் இடங்களை வெட்டுக்கோடுகளாகக் கொண்டால், ஒவ்வொரு துண்டும் எழுவான்கரையில் ஒரு பகுதியையும் படுவான்கரையில் ஒரு பகுதியையும் நடுவே நீரையும் தாங்கி, அகன்று உறுதியாக நிற்கும். முடிவில் 28 சென்றிமீற்றர் வேண்டுமாயின், நூற்றுக்கு 6 சுருங்கும் களியில் ஏறத்தாழ 29.8 சென்றிமீற்றர் நீளத்துக்குத் தகடு போடவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

கச்சானும் பன்பாயும்

வைகாசி, ஆனி தொடங்கி வீசும் கச்சான் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தை மழையாகச் சொரிந்துவிட்டு, கிழக்கே இறங்குகையில் அமுக்கத்தால் வெப்பமேறி, வறண்ட காற்றாக இப்பிரதேசத்தை அடைகிறது. துணி உலர்த்துவதற்கு அது உத்தமம். களித்தகட்டின் மேற்புறத்தை அரைநாளில் வெளுக்கச் செய்து, அடிப்புறத்தை ஈரமாகவே விட்டுவைப்பதால் புதிருக்கு அது சத்துரு. அப்போது மேற்புறம் முந்திச் சுருங்கி, துண்டின் ஓரங்கள் கிண்ணம்போல மேலெழும். காய்ந்த குளத்தடியில் ஓரம் சுருண்ட மண்சில்லுகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பரிகாரம் இருபுறமும் ஒரே கதியில் உலரச் செய்தலாம். துண்டுகளைத் தாளின்மேல் பரப்பி, மேலும் தாளிட்டு, இரு பலகைகளுக்கிடையே மெல்லிய பாரத்தோடு வைத்து, காலையும் மாலையும் புரட்டித் தாளை மாற்றி, பலகையைப் பன்பாயினால் மூடி நிழலில் வைத்தால் போதும். துண்டுகளை ஒன்றிலிருந்தொன்று சற்று விலக்கிவைப்பதும் நன்று. ஒட்டியிருக்கும் ஓரம் ஈரமாகவும் திறந்திருக்கும் ஓரம் உலர்ந்தும் போனால் துண்டு கோணிவிடும். எத்தனை நாள் என்பது தடிப்பைப் பொறுத்தது. உள்ளிருந்து நீர் ஊர்ந்து வெளியேறும் கட்டத்தில், தடிப்பு இருமடங்கானால் காலம் ஏறத்தாழ நான்மடங்காகிறது. தடித்த துண்டு செய்து அவசரப்படுவோர் இதனாலேயே ஏமாறுகின்றனர்.

வர்ணமும் பொருத்தமும்

நன்கு உலர்ந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, படத்தை அவற்றின் மேலாக ஒரே தொடர்ச்சியாகத் தீட்டவேண்டும். உலர்ந்த களி நீரை ஆவலோடு உறிஞ்சுவதால், முதலில் நீர்த்த பசையை மெல்லப் பூசி அத்துளைகளை அடைத்துக்கொள்ளுதல் நலம். ஓரங்களுக்கு வர்ணம் பூசுவது தகாது: ஓரத்துக்குப் பத்திலொரு மில்லிமீற்றர் தடிப்பு ஏறினாலும், இரு ஓரங்கள் கூடும் சந்திதோறும் அது இரட்டித்து, பல துண்டு வரிசையில் முழுப்படமும் பூட்ட மறுக்கும். ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும், ஈரம் முற்றாக ஆறுமுன் துண்டுகளைப் பிரித்துவைக்கவும் வேண்டும்.

காவி, இரும்பு ஒட்சைட்டு ஆதலால் வெயிலுக்கு அஞ்சாது. சுண்ணாம்பு வெண்மை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகிக் கல்லாகிறது. மஞ்சட்பொடியோ வெயிலில் வெளிறுவது. போதாக்குறைக்குப் புதுச் சுண்ணாம்பின் காரத்தைத் தொட்டதும் சிவக்கும். ஆரத்தி எடுப்போர் நன்கறிந்த இவ்விரசாயனம், வயலுக்கு மஞ்சளும் வாவிக்கரைக்கு வெள்ளையும் அடுத்தடுத்துத் தீட்ட எண்ணுபவர்க்கு எதிர்பாராத செந்நிறத்தைப் பரிசளிக்கும்.

புதிரைச் சேர்ப்பவர் இரண்டு சாட்சிகளை நம்புகிறார்: ஓரங்கள் ஒத்துப்போகின்றனவா என்பது ஒன்று, ஓரத்தைக் கடந்து படம் தொடர்கிறதா என்பது மற்றொன்று. ஒன்று பொய்த்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் 1912ஆம் ஆண்டில் கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பிரிந்தன என்ற சித்தாந்தத்தை முன்வைத்தபோது, ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஒத்திருப்பதோடு அவர் அமையவில்லை. பாறைத்தொடர்களும், அழிந்த உயிர்களின் சுவடுகளும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொடர்வதையும் எடுத்துக் காட்டினார். அந்த முறையைப் பின்பற்றியே, இலங்கை ஒருகாலத்தில் இந்தியாவுக்கும் மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் அணித்தாக இருந்ததென்று பின்னையோர் நிறுவினர். விஜயன் தொகுதிப் பாறைகளைக் கிழக்கு அந்தாட்டிக்காவின் பாறைகளோடு ஒப்பிட்டு ஆராய்கின்றனர். நம் பலகையிலுள்ள களி, பூமியே கலைத்துப்போட்ட அப்பெரும் புதிரின் ஒரு துண்டு அரிபட்டு உண்டானதாகும்.

வாசகர் செய்துபார்க்க

பசை சேராத வெறுங்களியிலும், பசையும் கூழும் சேர்ந்த களியிலும் ஒரே அளவான துண்டுகள் மும்மூன்று செய்துகொள்க. ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்கு எல்லாப் பக்கமும் வார்னிசு பூசி, மற்ற இரண்டையும் வெறுமனே விடுக. சித்திரையில் அவற்றை நிறுத்து எடையைக் குறித்துவைத்து, வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும் கார்த்திகையில் மீண்டும் நிறுத்துப் பார்த்தால், பூச்சில்லாதவை காற்றிலிருந்து எவ்வளவு நீரைக் குடித்திருக்கின்றன என்பது தெரியும். சித்திரையில் எளிதாகப் பூட்டிய புதிர் கார்த்திகையில் இறுகிக்கொள்வதன் காரணமும் அப்போது விளங்கும்.

அதன்பின் பூச்சில்லாத வெறுங்களித் துண்டொன்றை ஒரு கிண்ணம் நீரில் இடுக. சிறு குமிழிகளை விட்டவாறு அது சரிந்து, சிறிது நேரத்திற் சேறாகிவிடும். காற்றில் எத்தனை மாதம் உலர்ந்திருந்தாலும் களி தன் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை இழப்பதில்லை. மட்டக்களப்பு எருமைத் தயிர் உறைந்துவரும் சட்டியும் களிமண்ணே. அது தயிரின் நீரைத் தன் துளைகளில் உறிஞ்சியும் கரையாமல் நிற்கிறது. சூளையில் வெப்பம் 500 பாகை செல்சியசைக் கடக்கும்போது, களித்தகட்டின் உள்ளமைப்பிலேயே பிணைந்து கிடக்கும் நீரும் வெளியேறி, அது திரும்பிவர இயலாத வேறொரு பதார்த்தமாக மாறிவிடுகிறது. காற்றால் இயலாத அம்மாற்றத்தை நெருப்பு எவ்வாறு செய்கிறதென்பதை அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.